பலாமரப் பெட்டி இரண்டு, வைர ஊசி ஒன்று

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாமியாரிடம் கத்தியிருக்கிறேன், தச்சு ஆசாரியிடம் கத்தியிருக்கிறேன், கடல் தாண்டிப் போகும் கடிதத்தில்கூடக் கத்தியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, முன்பின் பேசியறியாத ஒரு பெரிய மனிதரிடம் கத்தினேன். மற்றதுக்கெல்லாம் பிறகு வருத்தப்பட்டதுண்டு. அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை இல்லை.

அறுபதுகளின் பின்பாதி. சிதம்பரத்தில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் நானும் மாமியும் குடியிருந்தோம். மாமி என்றால் என் வீட்டுக்காரரின் தாயார். கிள்ளையிலிருந்து மகனுக்காகச் சிதம்பரம் வந்தவர். அந்த மகனோ சிங்கப்பூரில் ஒரு ரேடியோக் கடையில் வேலை. எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீட்டு ஆண்கள் கடலுக்கு அந்தப் பக்கம்தான். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் அவர் என்னோடு இருந்தது மொத்தமே பதினொரு மாதம். நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். "கொடுத்து வச்சவ, சென்ட்டு என்னா, சேலை என்னா!" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேலையோடு உட்கார்ந்து பேச முடியுமா?

போன தடவை லீவில் வந்திருந்தபோது, அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் நடத்தும் ஒரு பேராசிரியரின் ரேடியோவை அவர் பழுதுபார்த்துக் கொடுத்தார். அந்தப் பேராசிரியர் வெளிநாட்டில் படித்தவர். இவர் கிளம்பும்போது பேராசிரியர் சொன்னாராம்: "அங்க நான் ஸ்டீரியோ கேட்டிருக்கேன்ப்பா. ரெண்டு பெட்டி, ரெண்டுலயும் வேற வேற சத்தம். நடுவுல உக்காந்தா கச்சேரிக்குள்ளயே உக்காந்த மாதிரி இருக்கும். நீ அப்படி ஒண்ணு செஞ்சி காட்டு. காதுக்குப் புடிச்சிதுன்னா நான் வாங்குறேன், எங்க குவார்ட்டர்ஸ்ல இன்னும் நாலு பேர வாங்க வெக்கிறேன். அப்புறம் நீ எதுக்குக் கப்பல் ஏறணும்? இங்கியே கடை போடு."

இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செட்டு. ஒரே ஒரு செட்டு நன்றாக அமைந்தால் கடை. அமையாவிட்டால் மறுபடி கப்பல். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தச் செட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்லுவேன் என்று.

உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் வாப்பா கடலூர் முதுநகரில் மைக் செட்டு வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். நான் இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு வளர்ந்தவள். தேய்ந்த ஊசியை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிப்பேன்; "ச" வரும் இடத்தில் எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி பொரியும். வாப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்க வைத்துத்தான் ஊசி மாற்றுவார். அப்படிப்பட்ட காதைக் கொண்டுவந்து சிதம்பரத்தில் சோறாக்க விட்டிருந்தார்கள்.

அவர் சிங்கப்பூர் திரும்பியதும் கடிதங்கள் பறந்தன. முதல் கடிதத்தில் அவர், ஆறு தட்டை மேலே அடுக்கினால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் மெஷின் ஒன்று பார்த்திருப்பதாகவும், பேராசிரியர் அசந்துபோவார் என்றும் எழுதியிருந்தார். படத்தையும் கத்தரித்து வைத்திருந்தார். படத்தைப் பார்த்ததுமே எனக்கு ஏறியது. உட்கார்ந்து எழுதினேன்.

"மச்சான், அந்தத் தட்டு தள்ளுற மெஷின் வேணவே வேணாம். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா தட்டு என்னாத்துக்கு ஆவும்? நீங்க வேடிக்கை காட்டப் போறீங்களா, பாட்டு கேக்க வெக்கப் போறீங்களா? ஒத்தத் தட்டு சுத்துற டெக்கு வாங்குங்க. சுத்துற தட்டு நல்லாக் கனமா இருக்கணும். கடையில ஓட விட்டு சுவிட்ச அணைங்க. அப்புறம் எவ்வளோ நேரம் சுத்துதுன்னு கடியாரத்த வெச்சிப் பாருங்க. பொசுக்குனு நின்னுச்சின்னா வெச்சிட்டு வந்துடுங்க. ஊசி வைர ஊசி. வேற எந்த ஊசின்னாலும் என்கிட்ட பேச வேணாம்."

நான் எழுதும்போது மாமி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எழுத்து தெரியாது, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கணக்கு வேண்டும். "தைலம் எழுதுனியா? டார்ச் லைட்டு எழுதுனியா?" என்பார். ஊசி என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஊரே ஜார்ஜெட்டு கேக்குது, இவ ஊசி கேக்குறா! ஊசி நம்ம கடைத்தெருவுல கெடைக்காதா?"

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தபால்காரர் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் என் நெஞ்சும் அடித்தது. அவர் எழுதியிருந்தார்: சீன முதலாளி முன்னால் நான்கு டெக்குகளை வரிசையாக ஓட விட்டு அணைத்து அணைத்துப் பார்த்தாராம். முதலாளி முதலில் சிரித்தாராம். பிறகு அவருக்கே ஆசை வந்து, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு கூட நின்றாராம். மூன்றாவது டெக்கின் தட்டு நிற்க மனசே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததாம். "அதத்தான் எடுத்து வெச்சிருக்கேன் புள்ள" என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஸ்பீக்கரிலும் சண்டைதான். அவருக்குப் பன்னிரண்டு அங்குலம் வேண்டும். பன்னிரண்டு அங்குலம் பந்தலுக்கு. நம் கூடம் பத்தடி அகலம், எட்டு அங்குலம் போதும் என்றேன். சலங்கையும் ஜால்ராவும் தெளிவாக வர, கூடவே உள்ளங்கை அளவில் சின்னது ஒரு ஜோடி. "ரெண்டு ரெண்டா வாங்கும்போது ஒரே நாள்ல, ஒரே அட்டைப் பொட்டியிலேர்ந்து எடுங்க. ஸ்பீக்கர் வாயில இருக்குற காகிதத்த விரலால மெதுவாத் தட்டிப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருமணும்" என்று எழுதினேன். அதையும் செய்தார். அந்த மனுஷரிடம் ஒரு நல்ல குணம், சண்டை போட்டுவிட்டுச் சொன்னதைச் செய்துவிடுவார்.

நாகப்பட்டினத்தில் இறங்கி, பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே அடுத்த பயணத்துக்கான தேதியையும் சொன்னார், மூன்று மாதத்தில். அதைக் கூடத்துச் சுவரில் தொங்கிய, பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் இருந்த காலண்டரில் வட்டம் போட்டுவைத்தார். "கடை அமைஞ்சிதுன்னா அழிச்சிடலாம்" என்றார். நான் காலண்டரைப் பார்க்காமல் அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தேன்.

அடேயப்பா, அந்தப் பெட்டியைத் திறந்த பகல்! நான்கு ஸ்பீக்கர்களும் புதுக் கைலிகளில் சுற்றி வந்திருந்தன. கைலியை மாமி எடுத்துக்கொண்டார், ஸ்பீக்கரை நான் எடுத்துக்கொண்டேன். காந்தத்தின் கனம் கையை இழுத்தது. டெக்கின் தட்டை நானே விரலால் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல், வெண்ணெயில் போவதுபோலச் சுற்றியது. ஊசியைக் காட்டச் சொன்னார் மாமி. காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தெரியவில்லை. "இதுக்கா மூணு வாரம் லெட்டருக்குக் காத்துக் கெடந்த?" என்றார்.

ஆம்ப்ளிஃபயரை அவரே கண்ணாடிக் குழாய் வால்வு வைத்துப் பூட்டினார். ஸ்பீக்கருக்குப் பெட்டி மட்டும் பாக்கி. மரப்பெட்டியோடு கப்பலில் கொண்டுவர முடியாது என்பதால் அதை இங்கேயே செய்வதாக ஏற்பாடு. சிங்கப்பூரில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில்தான் பெட்டி செய்வார்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"தூளா? தூள்ல செஞ்ச பொட்டியில பாட்டு எப்படி மச்சான் வரும்? வீணை எதுல செய்றாங்க? பலாவுல. மிருதங்கம்? பலாவுல. பண்ருட்டி பலா இங்க பக்கத்துல கெடக்கு, நாம தூளத் தேடிப் போவணுமா?"

கீரப்பாளையத்து ஆசாரி ஒருவரிடம் சொன்னோம். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல முற்றிய பலாவாகத் தேடிப் பிடித்து, பலகையை மெல்லிசாக இழைத்து, "தட்டிப் பாருங்கம்மா, எப்படிப் பேசுதுன்னு" என்று கொண்டுவந்து வைத்தார். தட்டினேன். கிண்ணென்றது. மஞ்சளாக, மெழுகு போட்டு, கூடத்தின் தெருப்பக்கச் சுவரோரம் இரண்டும் நின்ற அழகைப் பார்க்கவேண்டுமே! நடுவில் ஆறடி இடைவெளி. அந்த இடைவெளியில் சுவரில் காலண்டர். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் படத்துக்கு நிற்பதுபோல நின்றன.

தட்டைப் போட்டார். ஊசி இறங்கியது. பாட்டு வந்தது.

கூடவே ஒரு முனகலும் வந்தது.

எந்தப் பாட்டைப் போட்டாலும், பாடுகிறவர் பின்னாலேயே ஒரு ஆள் கிணற்றுக்குள்ளிருந்து "ஹூம்ம், ஹூம்ம்" என்று முனகினான். தபலா ஒவ்வொரு அடியிலும் பானைபோல் உருண்டது. ஆண் குரலெல்லாம் ஜலதோஷம் பிடித்த குரல். ஊசியா? இல்லை. ஸ்பீக்கரா? இல்லை. எனக்கு அது எங்கிருந்து வருகிறது என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. பலகையில் உள்ளங்கையை வைத்தேன். நடுங்கியது. ஸ்பீக்கர் பாடுவது போதாதென்று என் பலாமரப் பெட்டியும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அன்று திங்கள்.

"பரவால்ல புள்ள" என்றார் அவர். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பரவாயில்லையாம்! ஆசாரியை வரச் சொல்லி, "கிண்ணுனு பேசணும்னு யாரு கேட்டா?" என்று கத்தினேன். "நீங்கதாம்மா கேட்டீங்க" என்றார் அவர், பாவம். உண்மை. அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அன்று இரண்டு வேளையும் நான் சாப்பிடவில்லை. தூள் பலகை என்று அவர் சொன்னபோது கேட்டிருந்தால் வந்திருக்காது இந்த வினை. ஏழு வருஷத்தில் பதினொரு மாதம், இனிமேலும் அப்படித்தான், அதுவும் என் வாயால்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமி அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். டின் காலி, டங் டங்கென்று தெருவுக்கே கேட்டது. பிறகு சாக்கிலிருந்து அரிசியைக் கொட்டி நிரப்பினார். மூடியைப் போட்டு மறுபடி ஒரு தட்டு தட்டினார். தொப். அவ்வளவுதான், சத்தம் செத்துப்போனது.

நான் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அரிசிச் சாக்கைக் கூடத்துக்கு இழுத்தேன். "ஏ, எங்கடி அரிசியத் தூக்கினு போற?" என்று மாமி பின்னாலேயே வந்தார். பாதியை இன்னொரு கோணியில் போட்டு, ஒரு பெட்டியின் இரண்டு பக்கமும் அணைவாக முட்டுக் கொடுத்தேன். பெட்டியின் தலையில் மாமியின் இலவம்பஞ்சுத் தலையணை. தட்டைப் போட்டேன். இடப்பக்கப் பெட்டிக்குள் முனகிய ஆள் பாதி அடங்கிப்போனான்! வலப்பக்கத்தில் அவன் இன்னும் முனகிக்கொண்டிருந்தான். நான் அங்கேயே குதித்தேன். பொய் சொல்லவில்லை, இருபத்தைந்து வயதுப் பெண் கூடத்தில் குதித்தேன்.

தொழுதுவிட்டு வந்த அவர் நிலைப்படியில் நின்று பார்த்தார். "என்னா புள்ள, பொட்டிக்குக் குளிருதா?"

"கேளுங்க மச்சான், கேளுங்க!"

கேட்டார். இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்குமாக நாலு தடவை நடந்தார். வீணை பாடவேண்டிய பொருள்; அதற்குப் பலா சரி. ஸ்பீக்கர் பெட்டியோ வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டிய பொருள். காகிதம் பாடும்போது பெட்டி சும்மா இருக்கணும். இதை நான் சொன்னதும், "சும்மா இருக்கணும்னு நீ சொல்றியா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அரிசியை உள்ளே கொட்டினால் வண்டு வைக்கும். மணல்தான் வழி என்றார். பெட்டிக்குள்ளே இரண்டு விரல் தள்ளி இன்னொரு பலகைச் சுவர், நடுவில் மணல். ஆசாரி வந்தார், நான் திட்டியதை மனதில் வைக்காமல் ஒரே நாளில் உள்சுவர் அடித்தார். மாமி தன் பங்குக்குக் கடலோரத்துக் கிள்ளையிலிருந்து ஒரு மூட்டை கடல் மணலை வரவழைத்துவிட்டார். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மழைக்காலத்தில் நீர் கோத்துக்கொள்ளும். மூட்டையை வாசலில் கொட்டிவிட்டுக் கொள்ளிடத்து ஆற்று மணல் தருவித்தோம். அதுவும் ஈரம்.

"மண்ணு ஈரமா இருந்தா என்னா, பொரி வறுக்குறவன் என்னா பண்றான்? வறுத்துடு!" என்றார் மாமி. அன்று முழுக்க எங்கள் வீட்டில் மணல் வறுத்தோம். பெரிய வாணலி, இரும்புக் கரண்டி, நானும் மாமியும் மாற்றி மாற்றி. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா வறுக்குறீங்க? வாசனையே வரல?"

"மண்ணு" என்றார் மாமி.

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சிங்கப்பூர் பணம் தலைக்கேறிவிட்டது என்று தெருவில் பேச்சு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெட்டியை மூடினோம். உள்ளே மாமியின் இரண்டு தலையணைப் பஞ்சும் போயிற்று. இப்போது தட்டினால் பெட்டி பேசவே இல்லை. பாறையைத் தட்டிய மாதிரி. நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து அவர் கொண்டுவந்த தட்டு ஒன்றில் ரயில் ஓடும் சத்தம் இருந்தது, ஸ்டீரியோவைக் காட்டுவதற்கென்றே செய்தது. அதைப் போட்டார். இடது பெட்டிக்கு அப்பால் எங்கோ விசில். வருகிறது, வருகிறது, கூடத்துக்குள்ளேயே வருகிறது! காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமி வெடுக்கென்று காலை மடக்கிக்கொண்டார். ரயில் வலது பெட்டி வழியாகப் போய் மறைந்தது. "யா அல்லாஹ்!" என்றார் மாமி. "இன்னொரு தரம் வுடுடா அந்த வண்டிய!" ஏழு தடவை விட்டார்.

அப்புறம் வாப்பா கடைப் பழைய தட்டு ஒன்றைப் போட்டார். அது ஸ்டீரியோ இல்லை. இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான் வரும். ஆனால் என்ன ஆயிற்று தெரியுமா? பாடுகிறவர் இடது பெட்டியிலும் இல்லை, வலது பெட்டியிலும் இல்லை. நடுவில் நின்று பாடினார். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, காலண்டர் தொங்கும் சுவரிலிருந்து, ஒரு ஆள் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துப் பாடினார். மூச்சு இழுப்பது கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமி எழுந்துபோய், காலண்டரைத் தூக்கிப் பின்னால் தடவிப் பார்த்தார்.

ஆனால் ஒரு சங்கடம். அந்த ஆள் எல்லா இடத்திலும் எழுந்து நிற்கவில்லை. இரண்டு அடி தள்ளிப்போனால் பக்கத்துப் பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். நான் கூடம் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் தேடினேன். மிகச் சரியான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் நிலைப்படி. அதிலும் தாழ உட்கார வேண்டும். அன்னிய ஆண்கள் வந்தால் நாங்கள் பெண்கள் கதவுக்குப் பின்னால் நிற்கும் இடம். வீட்டிலேயே நல்ல இடம் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். "சார இங்கதான் உக்கார வெக்கணும்" என்று நூறு தடவை சொன்னேன். "பெரிய மனுஷர அடுப்படி வாசல்லியா உக்கார வெப்பாங்க? மானம் போயிடும்" என்றார் மாமி. அதற்கும் ஒரு கத்தல் கத்திவிட்டுப் போனேன்.

ஞாயிறு காலை பதினோரு மணி. கரண்ட் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தோம். பேராசிரியர் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். நான் கதவுக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வரவேற்றார். "வாங்க சார், வாங்க, உக்காருங்க." உட்கார வைத்தாரே, எங்கே? தேக்குச் சாய்வு நாற்காலியில், மின்விசிறிக்கு அடியில், இடது பெட்டிக்குப் பக்கத்தில்! யார் வந்தாலும் அந்த நாற்காலியில்தான் உட்கார வைப்போம். வீட்டுப் பழக்கம், அவர் கை தானாக நாற்காலியைக் காட்டிவிட்டது. நான் கதவிடுக்கு வழியாகக் கையை ஆட்டுகிறேன், வளையலைக் குலுக்குகிறேன், அவருக்குக் கேட்கவே இல்லை. பதற்றத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரயில் வந்தது. பேராசிரியருக்கு அது இடது காதில் விசிலடித்துவிட்டு எங்கோ தொலைந்துபோனது. பாட்டைப் போட்டார். பேராசிரியர் இடது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம்தான்ப்பா வருது" என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு திருகைத் திருகினார், இன்னொரு திருகைத் திருகினார். சத்தம் இன்னும் கெட்டது. பேராசிரியர் தேநீரைக் குடித்து முடித்து, கடிகாரத்தைப் பார்த்து, எழுந்தார். "நல்ல முயற்சி. பாராட்டணும். பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? காலண்டரில் வட்டம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார்" என்றார்.

சரிங்களா! எனக்குள் எதுவோ வெடித்தது. துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டேன்.

"சார், போவாதீங்க! நீங்க உக்காந்த எடம் தப்பு! கச்சேரிக்கு வந்துட்டு மோளத்துக்குள்ள தலைய வுட்டுக்குனு கேட்டா என்னா தெரியும்? இங்க வாங்க, இந்தக் கோட்டுமேல உக்காருங்க. மரியாத அப்புறம் பாத்துக்கலாம்!"

மாமி உள்ளே "அய்யோ அய்யோ" என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. பேராசிரியர் என்னைப் பார்த்தார், தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். நான் உள்ளே போய் நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் மணைப்பலகையைக் கொண்டுவந்து கோட்டின்மேல் போட்டேன். அவர் கால்சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்படி வாசலில், மீன்குழம்பு வாசனைக்கு நடுவில், மணையில் உட்கார்ந்தார்.

ஊசி இறங்கியது.

நான் அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்து இரண்டு வரிகூட ஆகவில்லை. அவருடைய தலை மெல்ல நிமிர்ந்தது. காலண்டரைப் பார்த்தார். இடது பெட்டியை, வலது பெட்டியை, மறுபடி காலண்டரை. பிறகு அசையவே இல்லை. தட்டு முடிந்து ஊசி தூக்கிய பிறகும் அசையவில்லை.

"ரயில வுடட்டுங்களா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ரயில் கெடக்கட்டும்ப்பா. அந்த ஆள இன்னொரு தரம் கூப்பிடு" என்றார் பேராசிரியர்.

மூன்று தடவை கேட்டார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், உள்ளே மணல் என்றதும் சிரித்தார், வறுத்தது என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார். "டெக்கு, ஊசி, பெட்டி, இதெல்லாம் யார் பார்த்துத் தேர்ந்தெடுத்தது?" என்றார்.

"அவுங்கதான் சார்" என்று என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். அப்படிச் சொன்னதற்காகவே அவரை நான் ஆயிரம் தடவை மன்னிப்பேன்.

அடுத்ததாகப் பேராசிரியர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "இது மாதிரி ஒண்ணு வேணாம்ப்பா. எனக்கு இதுவே வேணும். இன்னிக்கே. நாலு பேர எங்க வீட்டுக்கு வரவெச்சி இதே மாதிரி உக்கார வெச்சிக் கேக்க வெக்கிறேன். அப்புறம் நீ கப்பலுக்குப் போவ அவங்களே விடமாட்டாங்க."

என் வீட்டுக்காரர் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். மூன்று வாரக் கடிதம், கடிகாரம் வைத்துப் பார்த்த தட்டு, ஒரே மாதிரி இருமிய ஸ்பீக்கர், வறுத்த மணல். நான் ஆசைதீர ஒரு நாள்கூடக் கேட்டு முடிக்கவில்லை. ஆனால் யோசிக்க என்ன இருக்கிறது?

"எடுத்துக்கினு போவச் சொல்லுங்க மச்சான்" என்றேன். "அந்தக் கோடு மாதிரி அங்கயும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டு வாங்க."

மாலையில் மாட்டுவண்டி வந்தது. பெட்டிக்கு இரண்டு ஆள். வைக்கோலுக்கு நடுவில், சிங்கப்பூர்க் கைலிகளைச் சுற்றிக்கொண்டு, என் செட்டு அண்ணாமலை நகருக்குப் போயிற்று. மாமி வண்டிக்காரரிடம் "பாத்துப்பா, உள்ள என் தலைவாணி ரெண்டு இருக்குது" என்றார்.

நான்கு பேர் அல்ல, அந்த மாதத்திலேயே ஆறு பேர் கேட்டு அனுப்பினார்கள். கடைக்கு மேலவீதிப் பக்கம் ஒரு சின்ன இடம் பார்த்தார். கீரப்பாளையத்து ஆசாரிக்கு ஓய்வே இல்லை. டெக்கும் ஸ்பீக்கரும் தேர்ந்தெடுக்க வேண்டியது என் வேலை. தெருவில் என்னை "வைர ஊசி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோபம் வந்தது, ஆனால் ரொம்ப இல்லை.

காலண்டரில் வட்டம் போட்டிருந்த நாளும் வந்தது. கப்பல் அன்று காலையிலேயே கிளம்பியிருக்கும். மத்தியானம் அடுப்படியிலிருந்து வந்தவள், பழக்கத்தில் நிலைப்படியில் அந்தக் கோடு இருந்த இடத்தில் நின்றுவிட்டேன். எதிரே கூடம் வெறிச்சென்று கிடந்தது. பெட்டிகள் இருந்த இடத்தில் தரையில் கனம் பதிந்த இரண்டு சதுரத் தடங்கள்தான். நடுவில், காலண்டருக்கு நேர் கீழே, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலையை நிமிர்த்தினார்.

"என்னா புள்ள அங்கியே நின்னுட்ட? பசிக்குது, சோறு போடு" என்றார்.

குரல் சரியாக நடுவிலிருந்து வந்தது.